வெட்டிய விளம்பரத்தின் பின்பக்கம்

கூடப் பிறந்தவனைப் பற்றி எழுதினால் பாவம் வந்துவிடுமோ என்று பயந்து, இதைச் சில நாட்களாக எழுதாமல் இருந்தேன்.

போன ஞாயிறு ஒக்லாந்தில், ரானுயிப் புறநகரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய பேப்பர் விளம்பரம். தொப்பி போட்ட வெள்ளைக்கார நாயகன், அவன் தோளில் சாய்ந்த நாயகி, கீழே ‘தினசரி மூன்று காட்சிகள்’. அந்த மஞ்சள் தாளைக் கண்டதும் கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு அப்போது பத்து வயது. ஆங்கிலப் பட விளம்பரங்களைச் சோற்றுப் பசையால் கொப்பியில் ஒட்டி வைப்பேன். அப்பா வாசித்து முடித்த பேப்பரில்தான் வெட்டுவேன். ஒருநாள் அவர் வாசிக்குமுன்னே யாரோ வெட்டிவிட்டார்கள். அந்தத் துண்டின் பின்பக்கத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணருடைய மரண அறிவித்தல் இருந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்த பிறகுதான் அந்தச் சாவு அப்பாவுக்குத் தெரிந்தது.

"கடைசியா முகம் பாக்கவும் விடாமச் செய்துபோட்டியே."

"நான் வெட்டேல்லை, அப்பா."

அண்ணனும் பக்கத்தில்தான் நின்றான். தினமும் என் கையால் திருநீறு வாங்கிப் பூசுகிற அப்பா, அதன்பின் சாகும்வரை வாங்கவேயில்லை.

"இது எங்காலை வந்தது, அண்ணா?" என்று சுவரிலிருந்த சட்டத்தைக் காட்டிக் கேட்டேன்.

"நான்தான் வெட்டி ஒளிச்சு வைச்சனான். உனக்கெல்லோ பேச்சு விழுந்தது, ஞாபகமோ?" என்று சிரித்தான். அவன் மகள் "சோ கூல்" என்றாள்.

இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொன்னால், ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்: வெட்டியது அண்ணன். அப்பாவிடம் சொல்ல எனக்கு இனி வழியில்லை.