கம்பிக் கூட்டுக்குக் காவல்

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த கொளஞ்சிநாதன், பொம்மைப் பட்டறை வாசலில் குழைத்து வைத்திருந்த களிமண்ணில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். அப்போதும் குனியவில்லை. "பதினேழாவது போஸ்ட்டு, பீங்கான்ல விரிசல் இல்ல" என்று மேலே பார்த்தே சொல்லிவிட்டுத்தான் காலை உருவினார். செருப்பு ஒன்று மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

விருத்தாசலத்தில் லைன்மேன் அவர். கம்பி தொய்ந்திருக்கிறதா, கிளை உரசுகிறதா என்று கம்பம் கம்பமாய் நடந்து பார்க்கிற வேலை. வண்டி கொடுத்தாலும் ஏறமாட்டார். "வண்டில போனா ரோடுதான் தெரியும்." இருபத்தாறு வருஷமாய் மேலேயே பார்த்துப் பார்த்து, எதிரே வருகிற மனிதரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஒருநாள் பெண்டாட்டி செல்வநாயகி பேசாமல் எதிரே வர, "வழி வுடுங்கம்மா" என்று தாண்டிப் போய்விட்டார். "வூட்டுக்கு வரட்டும், நான் யாருன்னு சொல்றேன்" என்று அந்தம்மாள் கடைத்தெருவிலேயே சபதம் போட்டது.

கம்பத்தோடு பேசுவார். "ஏண்டா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சாஞ்சிக்கினு நிக்கிற?" கம்பம் பதில் சொல்லாது, அடுத்த வாரம் நிமிர்ந்திருக்கும், ஆளைக் கூட்டிவந்து நிமிர்த்தியிருப்பார்.

அவருக்கு ஒரே எதிரி காக்காய். இந்த ஊர்க் காக்காய்க்குச் சுள்ளி எதற்கு? பியூஸ் கட்டை செய்கிற பட்டறை வாசலெல்லாம் கம்பித் துண்டு. அதைப் பொறுக்கிக் கம்பத்து உச்சியிலேயே வீடு கட்டிவிடும்.

போன வைகாசியில் திரௌபதியின் பொம்மைப் பட்டறைக்கு எதிரே அப்படி ஒரு கூடு. அதிலிருந்து நீளக் கம்பி ஒன்று தொங்கி, மின்கம்பிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. லைனை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தார். திரௌபதி தலையெல்லாம் மண்ணாக ஓடிவந்தாள்.

"வேணாம்ண்ணே! சூளையில முந்நூறு கொலு பொம்ம வேகுது. கரண்டு போனா காத்து ஊதுற மிஷினு நின்னுடும், அம்புட்டும் வெடிச்சிடும். மூணு மாச வேலண்ணே! நாப்பதே நிமிஷம்!"

"அந்தக் கம்பி பட்டு லைன் அறுந்தா ரோட்டுல போறவன் வெடிப்பான். பரவால்லியா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள், திரும்பிச் சூளையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் கரைத்தது. "சரி. ஒரு விரக்கடை நகந்தாலும் நிறுத்திப்புடுவேன். அப்புறம் அழக்கூடாது" என்றார். சப்ஸ்டேஷன்காரரைப் போனிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, பொம்மை காயவைக்கிற பலகைகளை ரோட்டின் இரண்டு பக்கமும் குறுக்கே போட்டு, நடுவில் நின்றுவிட்டார்.

ஆட்டோ நின்றது, மினி பஸ் நின்றது. "என்ன சித்தப்பா, காக்காய்க்கு ஜாதகம் பாக்குறியா?" என்றான் ஆட்டோ தங்கதுரை.

"சுத்திக்கினு போடா."

சுற்றிக்கொண்டு யார் போனார்கள்? இறங்கி வந்து எல்லாரும் அண்ணாந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காக்காய் வந்தது, வாயில் இன்னொரு கம்பியோடு! அதைச் செருகினால் தொங்குவது ஆடும், விரட்டினாலும் ஆடும். கொளஞ்சிநாதனின் நாக்கு நுனியில் 'நிறுத்து' என்ற சொல் வந்து நின்றது.

மினி பஸ்ஸை விட்டு இறங்காத ஒரு அம்மாள் ஜன்னல் வழியே வீசிய முறுக்கு எதிர்ச் சுவரில் விழுந்தது. காக்காய் யோசித்தது. கம்பியை ரோட்டில் போட்டுவிட்டு முறுக்குக்குப் பாய்ந்தது. தொங்கிய கம்பி அசையவில்லை. தெரு முழுக்க விசில். "இன்னொண்ணு போடுங்கம்மா, போடுங்க!" என்று கத்தினவர் கொளஞ்சிநாதன்தான்.

ஒரு பொட்டலம் முறுக்கு தீர்ந்தபோது பட்டறைக்குள்ளிருந்து திரௌபதியின் குரல் வந்தது: "ஆச்சுண்ணே!"

"நிறுத்து!"

லைன் நின்றதை உறுதிபண்ணிக்கொண்டு ஏறினார். கூட்டில் முட்டை இல்லை. ரெண்டு கிலோ கம்பி இருந்தது. இறங்குவதற்குள் காக்காய் ஹெல்மெட்டில் மூன்று கொத்து வைத்தது.

மூன்றாம் நாள் சூளை ஆறியது. லீவு நாளென்றும் பாராமல் வந்து நின்றார். திரௌபதி முதல் பொம்மையை எடுத்து நகத்தால் சுண்டினாள். விரிசல் விட்டிருந்தால் சத்தம் சப்பென்று இருக்கும். இது கணீரென்றது.

"ஒண்ணு நல்லாருந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்ண்ணே. டீ குடிங்க."

அவர் கேட்கிற ஆளா? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீ ஆடை கட்டிப்போயிற்று. நாற்பதாவது பொம்மையைச் சுண்டிக் காதோரம் வைத்தபடியே, நாற்பத்தொன்றாவதுக்குக் கையை நீட்டினார்.