டேங்கர் என்று எழுதிய சீட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். வயது இருபத்து மூன்று. அளவு பிசகாத கை. ஆனால் கடையில் அவனைக் கொண்டாடியது அந்தக் கைக்காக அல்ல. எவ்வளவு ஊற்றினாலும் அசராமல் உட்கார்ந்திருப்பான் என்பதற்காக. 'டேங்கர்' என்று பட்டம் சூட்டியவர் விற்பனை மேலாளர். அடுத்தவன் குடிப்பதைக் கைதட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு அறியாத மனிதர்.

இவனும் அந்தப் பட்டத்துக்கு நெஞ்சை நிமிர்த்தினான். வெட்கக்கேடு. பதினைந்து வயதில் முதல் கிளாஸை நீட்டியதே அப்பாதான். "ஆம்பளைன்னா தாங்கணும்டா" என்றார். மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது.

தாங்குகிறவனுக்குத்தான் ஆபத்து என்பது ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை. மற்றவர்கள் இரண்டிலேயே கவிழ்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். இவன் எட்டு வரை போனான்.

கடையின் ஆண்டு விழா மதியம், பந்தயம் கட்டி முழு பாட்டிலையும் காலி செய்தவன் மாடிப்படியில் உருண்டான். தாடை உடைந்தது. கூட்டாளிகள் முதலில் வீடியோ எடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, சீட்டில் பெயர் என்ற இடத்தில் 'டேங்கர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நழுவினார்கள். அவன் போனில் கிடந்த தவறிய அழைப்புகள் எல்லாம் அக்காவுடையவை. நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அக்கா. மூன்றாம் நாள் பரிவாரத்தோடு பழப்பை தூக்கி வந்த மேலாளரை வார்டு வாசலிலேயே மறித்து, சீட்டை நீட்டினாள்.

"இது யாரு எழுதினது?"

"அவசரத்துல பேரு ஞாபகம் வரலம்மா."

"இப்ப வருதா?"

மேலாளர் பின்னால் திரும்பினார். பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷமா ஊத்திக் குடுத்தீங்க, பேரு தெரிஞ்சுக்க நேரமில்ல. பழத்த எடுத்துட்டுக் கிளம்புங்க. அவன் வாய கம்பி போட்டுக் கட்டியிருக்கு."

கட்டிலில் இருந்து எல்லாம் கேட்டவன் சத்தமில்லாமல் அழுதான்.

"மூக்கடைச்சா மூச்சு முட்டும். நிறுத்து" என்றாள்.

ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. நான்காம் மாதம் மறுபடி குடித்தான். ஆனால் அன்றே அவனே போன் செய்தான்.

"அக்கா, குடிச்சிட்டேன்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். வண்டிய விட்டுட்டு வர்றேன்."

போனார்கள். அதன்பிறகு மூன்று வருடமாகத் தொடவில்லை. வேறு கடையில் வேலை. சனிக்கிழமைகளில் அக்காவோடு பேருந்து கழுவுகிறான். அவள் வேலை வாங்குகிற லட்சணத்தில் வேறெதற்கும் தெம்பு மிஞ்சுவதில்லை.