மாலை போட்ட பிரெஞ்சுக்காரர்

“செத்த மனுசன நெனச்சு இன்னும் எத்தன நாளைக்கு மேடம் இந்தப் பெட்டியத் தட்டிக்கிட்டு இருப்பீங்க? சோறு ஆறுது.”

தோஹாவில் ராதிகா வீட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சிவகொழுந்து இப்படி வெடுக்கென்று கேட்டாள். அந்த மனுசன் இல்லாமல் தனக்குப் பொழுதே போகாது என்று ராதிகா சிரித்தாள். பாவம், துக்கம் தலைக்கேறிவிட்டது என்று சிவகொழுந்து முடிவுகட்டினாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ராதிகா கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டில்லை, வாசலில் ஆண் செருப்பு இல்லை. பியானோ மேல் ஒரு தாடிக்காரர் படம். அதைப் பார்த்துப் பார்த்து விடிந்ததிலிருந்து வாசிப்பு. அந்த வாசிப்பும் ஒழுகுகிற கூரை மாதிரி சொட்டுச் சொட்டாய் விழும். இலங்கையில், ஹட்டனில் மகள் வீட்டுக் கூரைக்குத் தகரம் போடத்தான் சிவகொழுந்து கடல் தாண்டி வந்தவள். கேட்டாலே ஒழுக்குக்கு ஏனம் வைக்கக் கை பரபரக்கும்.

தானும் தாலியறுத்தவள் என்ற பாசத்தில், ராதிகா குளிக்கப் போன நேரம், நஜ்மா கடைத்தெருவில் வாங்கி வந்த பிளாஸ்டிக் மல்லிகை மாலையைப் படத்துக்குப் போட்டாள்.

அப்போது பார்த்து ஒருவன் சாவி போட்டுக் கதவைத் திறந்தான். சிவகொழுந்து விளக்குமாற்றை ஓங்கினாள். “யார்ரா நீ? தாலியறுத்த பொம்பள தனியா இருக்கான்னு வந்தியா?”

வந்தவன் மாலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “நான் எப்பம்மா செத்தேன்?”

ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டூட்டி முடித்து லீவில் வந்த சிவசங்கரன், ராதிகாவின் புருஷன். சிவகொழுந்தின் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலும் அவன்தான். ஏஜென்ட் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு ஊருக்கு விமானம், மகள் தலையில் மழை.

ஈரத் தலையோடு ஓடிவந்த ராதிகா சிரித்துப் பியானோ மேல் சாய்ந்ததில் கட்டைகள் மொத்தமாய் அலறின. படத்தில் இருப்பவர் டெபுசி, மெட்டுப் போட்ட பிரெஞ்சுக்காரர், போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல், மழையையும் கடலையும் விரலில் கொண்டுவந்தவர், பின்னால் வந்த எத்தனையோ பேர் அவர் வழியில் போனார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றினாரா என்று மட்டும் கேட்டாள் சிவகொழுந்து. கட்டியவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனார் என்றாள் ராதிகா. கட்டியவள் தன்னையே சுட்டுக்கொண்டு எப்படியோ பிழைத்தாளாம்.

சிவகொழுந்துக்கு விசா மறந்தே போனது. மாலையை உருவி எறிந்தாள். “இந்த மூஞ்சிக்கு மால ஒரு கேடா?”

சிவசங்கரன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த வாய் இருக்கிற வீட்டுக்குப் பூட்டே வேண்டாம், அக்கா இங்கேயே இருக்கட்டும் என்றான்.

சிவகொழுந்து டெபுசியை இன்றும் திட்டுகிறாள். ஏனம் கழுவும்போது முனகுவது மட்டும் அவர் மெட்டு. தன் முதல் சம்பளத்தில் சிவசங்கரனின் படத்துக்குப் பிரேம் போட்டுப் பியானோவின் மறுபக்கம் வைத்தாள். அடுத்து வருகிறவளும் ஏமாறக் கூடாதே. செத்தவருக்குப் போட்ட மாலை எட்டு ரியால். உயிரோடு இருக்கிறவருக்குப் பிரேம் பன்னிரண்டு.