ஒரு பேத்திக்கு மூன்று தலை

தெமிர்குலுக்கு வேலை ஆடுகளுக்கு ஊசி போடுவது. குதிரையில் ஏறினால் மலை முழுக்கச் சுற்றுவார். திரும்பும்போது அடுத்தவன் வேலைக்கு நாலு யோசனையும் கொண்டு வருவார். ஊரில் ஊசியைவிட அதற்குத்தான் பயம்.

அந்த வருஷம் அவரைக் குடைந்தது மேல் ஊற்று. வனக்காவலர் கல்முராத் அக்ரூட் கன்றுகளுக்கு வேலி போட்டார். வழி அடைபட்டதும் மேய்ச்சல் தலைவர் ஜுமாதில் மந்தையை ஊற்றங்கரை வழியே ஓட்டினார். கரை மிதிபட்டு ஊற்று சேறாகி, வாய்க்கால் இளைத்தது. தண்ணீர் முறை பார்க்கிற அசன்குல் புது வாய்க்கால் வெட்டினார், அந்தக் கன்றுகளுக்கு நடுவே. மூவரும் அவரவர் வேலையில் புலிகள்தான். ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள், அவ்வளவே. ஊற்று போனால் ஊருக்குக் குடிதண்ணீர் போச்சு.

தெமிர்குல் மூவரையும் சேர்த்துப் போனில் குழு தொடங்கினார். பெருநாள் வாழ்த்து வந்தது, குதிரைப் படம் வந்தது. ஊற்று என்று எழுதினால் மட்டும் குழு ஊமையாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பேத்தி பிறந்தாள். தொட்டில் விருந்துக்கு வராதவன் அந்த மலையில் கிடையாது. சிக்கல் ஆட்டுத்தலையில். அது பெரிய விருந்தாளிக்கு உரியது. ஒருவருக்கு வைத்தால் மற்ற இருவரும் எழுந்து போவார்கள். தெமிர்குல் மூன்று ஆடு அறுத்தார்.

"பொறந்தது ஒரு பேத்திதான். மூணுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள் மனைவி புருல்சா.

தலைகள் வந்தன. எவருடையது பெரிது என்று மூவரும் ஓரக்கண்ணால் அளந்தார்கள். பெரியவர் சொல் கேட்கட்டும் என்று தலையின் காதை அறுத்துச் சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஜுமாதில் கத்தியை எடுத்தார்.

"காத யாருக்கும் குடுக்காதீங்கண்ணே," என்றாள் புருல்சா. "நீங்க மூணு பேருமே தின்னுங்க. இங்க காது தேவப்படுறது உங்களுக்குத்தான்."

சபை சிரித்து உருண்டது. மூவரும் வேறு வழியில்லாமல் மென்றார்கள். மென்றுகொண்டே பேச்சு ஊற்றுக்குப் போயிற்று. வேலியில் மந்தைக்கு வழி விடுவதாகக் கல்முராத் இறங்கிவந்தார். புது வாய்க்காலை மூடுவதாக அசன்குல் முனகினார். ஜுமாதில்தான் மிச்சம்.

"ஊத்தங்கரைய விட்டுக்குடுத்தா மேய்ச்சல் குறையும். ஊரு மந்தையும் குறையணும். மொதல்ல உன் ஆட்டக் குறைடா, ஊசிக்காரா."

"குறைச்சாச்சுண்ணே," என்றார் தெமிர்குல். "தட்டப் பாருங்க."

ஜுமாதில் தட்டைப் பார்த்தார். அப்புறம் பக்கத்துத் தட்டுகளையும் பார்த்தார். இன்னொரு காதையும் அறுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் குழுவில் அசன்குல் ஊற்றின் படம் போட்டார், தெளிந்த தண்ணீர். ஜுமாதில் பதிலுக்குக் குதிரைப் படம் அனுப்பினார்.