காலருக்குள் ஒரு குறுக்கு இழை

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வானத்தில் எவ்வளவு தைரியமோ, சட்டைக் காலரில் கஞ்சி குறைந்துவிட்டால் அவ்வளவு பயம். அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீட்டிலிருந்தபடியே பைலட்டுகளின் யூனிபார்மைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து கொடுத்தவள் நான். சொந்த வீட்டு வேலையோடு ஊரார் துணியையும் எடுத்துப் போட்டுப் பார்த்த சகோதரிகளுக்கு இதிலுள்ள பாடு நான் சொல்லாமலே தெரியும். அழுக்கு ரெண்டு அலசில் போய்விடும். வாடிக்கைக்காரரின் சந்தேகம்தான் எத்தனை அலசினாலும் போகாது.

டானியல் கொண்டுவந்த கோட்டு

என் மூத்த மகன் டானியல் அப்போது சாண்டாகுருஸ் ஏர்போர்ட்டில் லோடராக இருந்தான். ஒருநாள் டூட்டி முடிந்து வரும்போது மூட்டை மாதிரி சுருட்டிய ஒரு கருநீலக் கோட்டோடு வந்தான். ஸ்ரீதரன் என்ற கோ-பைலட்டுடையது, நம்ம தமிழ்ப் பையன், மாட்டுங்காவில்தான் வீடு என்றான். கைப்பக்கம் இருந்த தங்கப் பட்டை பிரிந்து தொங்கியது. எங்கோ ஒரு தோபி இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்து அழுத்தி, முதுகில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேறு ஏற்றியிருந்தான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மிஷன் பள்ளியில் எனக்கு உருப்படியாக வந்தது ஊசி வேலை ஒன்றுதான். பட்டையைத் தைத்தேன். பெட்ரோல் தொட்டுக் கறையைத் துடைத்தேன். ஈரத் துணி போட்டு அதன்மேல் கரிப்பெட்டியை ஓட்டினேன்.

எல்லாம் முடிந்தபின் மனசு கேட்கவில்லை. நான் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவள்கூட இல்லை. இந்தக் கோட்டு மேகத்துக்கு மேலே போகப் போகிறதே, இதற்குள் இருக்கிற பிள்ளை பத்திரமாக இறங்க வேண்டுமே என்று தோன்றியது. காலர் மடிப்புக்குள் நீல நூலால் அரிசி அளவுக்கு ஒரு சின்னச் சிலுவை போட்டு, ஜெபம் பண்ணி மடித்து வைத்தேன். அன்றிலிருந்து அதுவே என் வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். துணி மாறிவிடாமல் இருக்க அதுவே அடையாளமும் ஆயிற்று. வீட்டுத் துணி வந்தால் ஒற்றை இழை மட்டும் போடுவேன். வானத்துக்குப் போகிற துணி என்றால் குறுக்கே இன்னொரு இழை.

மறுவாரம் ஸ்ரீதரன் நேரிலேயே வந்தார். எங்கள் வாசலுக்கு முன்னால் சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. பலகையில் கால் வைத்துத் தடுமாறி, தாழ்ந்த நிலைப்படிக்குக் குனிந்து உள்ளே வந்து சொன்னார்: “இனிமே என் துணி வேற எங்கயும் போகாதும்மா. ஆனா ரன்வேயில இறங்குறதைவிட உங்க வாசல்ல இறங்குறதுதான் கஷ்டமா இருக்கு.”

பிளேனுடைய செலவு

ஒருவர் இருவராகி, ஐந்தாறு பேர் ஆனபோது, தம்பி என்றே நான் கூப்பிடப் பழகிவிட்ட ஸ்ரீதரன் ஒரு புதுக் கோரிக்கையோடு வந்தார். பில் வேண்டுமாம். கடை வைத்திருக்கிறவர்கள்தானே பில் கொடுப்பார்கள், நான் அடுப்படியில் உட்கார்ந்து துவைக்கிறவள் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். சம்பளத்துக்கு வரி உண்டு. ஆனால் வேலைக்காகவே கட்டாயமாகச் செலவழிக்க வேண்டிய பணத்துக்கு வரி கிடையாது. அழுக்கு யூனிபார்மோடு போனால் விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள். அதனால் துவைக்கிற செலவு அவருடைய செலவில்லை, வேலையுடைய செலவு. அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

என் மகள் எஸ்தர் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷில் அழகாக அடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அதன் தலையில் ஒரு வேத வசனம் போட வேண்டும் என்று ஆசை. வசனம் இருந்தால் ஆபீசர் அதைக் கோயில் காணிக்கைச் சீட்டு என்று நினைத்துத் தள்ளிவிடுவார் என்று எஸ்தர் மறுத்துவிட்டாள். சரி, பில்லில் இல்லாவிட்டால் என்ன, காலருக்குள் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஸ்ரீதரன் தம்பி பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “இன்னியிலேர்ந்து உங்க கஞ்சிப் பானையும் பிளேனோட ஒரு பார்ட்தான்மா.”

மழைக்காலம்

பம்பாய் மழையில் துணி காயப்போட்டவர்கள் கை தூக்குங்கள். உங்களோடு சேர்ந்து நானும் ஒரு மூச்சு அழுதுகொள்கிறேன். வெளியே கொட்டுகிறது. உள்ளே அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்த வேண்டும். அப்படி ஒருநாள் ஸ்ரீதரன் தம்பியின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது தகரத் தடுப்பு. தண்ணீர் ஒழுகுகிற தகரத்தில் வாசனை ஒழுகாதா? அவரோ வெங்காயம்கூட விலக்குகிற வீட்டுப் பிள்ளை. வெட்டிவேர்த் தண்ணீர் தெளித்தேன், சாம்பிராணி காட்டினேன், கோட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கலங்கிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தவர் முகத்தில் கோபமில்லை. “பாதி வழியில ஏர்ஹோஸ்டஸ் காக்பிட்டுக்குள்ள வந்து, இன்னிக்கு லஞ்ச் மெனுவை மாத்திட்டாங்களான்னு கேட்டாம்மா.”

தூங்குவதும் டூட்டிதான்

கேப்டன் பஹ்ராம் பார்சிக்காரர். செம்பூரில் வீடு. பெரிய உருவம், பெரிய சிரிப்பு. சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ‘மௌசி’ என்று கூப்பிடுவார். அவருடைய பையைப் பிரித்தால் யூனிபார்மோடு பைஜாமா, தலையணை உறை, அவர் வீட்டம்மாவின் ஜார்ஜெட் சேலை எல்லாம் வரும். எல்லாவற்றையும் யூனிபார்ம் என்றே பில்லில் போட்டுவிடும்படி இந்தியில் கொஞ்சுவார். சேலை எப்படிச் சார் யூனிபார்ம் ஆகும் என்று நான் தயங்கினால், அதைக் கட்டிக்கொண்டுதானே அவள் எனக்கு டிபன் கட்டித் தருகிறாள் என்பார்.

எனக்குக் கண்டித்துப் பேச வராது. அப்படிப் பொய் எழுதினால் ராத்திரி முழங்கால் போட முடியாது சார், நாக்கு எழும்பாது என்று மட்டும் சொன்னேன். எஸ்தர் யூனிபார்முக்கு ஒரு பில், வீட்டுத் துணிக்கு ஒரு பில் என்று தனித்தனியாக அடித்தாள். கேப்டன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “சரி மௌசி, சேலையை விட்டுடறேன். ஆனா நான் நல்லாத் தூங்கினாத்தானே பிளேன் ஓட்ட முடியும்? அந்தத் தலையணை உறையை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

தேங்காய்க்கு ரசீது

ஒருமுறை ஸ்ரீதரன் தம்பியோடு அவருடைய அம்மாவும் வந்தார்கள். லட்சுமி மாமி. மகன் விமானம் ஏறுகிற ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, நான் காலருக்குக் கஞ்சி தடவுவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பில் கைமாறுவதைக் கண்டதும் இது எதற்கு என்று கேட்டார்கள். ஸ்ரீதரன் தம்பி விளக்கினார். வேலைக்குத் தேவையான செலவு என்றால் வரி கிடையாது என்ற இடத்தில் மாமி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்படியானால் தேங்காயும் அதில் சேர வேண்டியதுதானே என்பது அவர்கள் கேள்வி. ஆடிட்டர் சிரிப்பார், ஆபீசர் கோடு போட்டு அடித்துவிடுவார் என்று மகன் சொன்னதற்கு மாமி அசரவில்லை. “நான் தேங்காய் ஒடைக்காம நீ என்னிக்காவது பிளேன் ஏறியிருக்கியாடா? அதை அந்த ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லு.”

வெள்ளைச் சட்டை வழக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒர்க்ஷாப்பில் கை நசுங்கி, வேலைக்குப் போக முடியாமல் இருந்த சமயம் அது. எஸ்தருக்குக் கிறிஸ்துமஸ் கழித்துக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். அடுப்பு எரிந்ததே பைலட்டுகளின் காலரால்தான். அப்போது பார்த்து ஸ்ரீதரன் தம்பி வாடிய முகத்தோடு வந்தார். வரி ஆபீசில் கேப்டன் பஹ்ராமின் கணக்கை எடுத்திருக்கிறார்கள். கோட்டும் தொப்பியும் யூனிபார்ம்தான், கோட்டுக்குள் போடுகிற வெள்ளைச் சட்டையை அப்படி எப்படிச் சொல்ல முடியும், அதைக் கல்யாணத்துக்கும் போடலாம், சினிமாவுக்கும் போடலாம், எது வேலைச் சட்டை எது வீட்டுச் சட்டை என்று துவைக்கிற அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று ஆபீசர் கேட்டுவிட்டாராம். கேப்டனுடைய பில் நிற்காவிட்டால் மற்றவர்களுடையதும் நிற்காது. அதனால் எல்லாரும் அச்சடித்த பில் கொடுக்கிற பெரிய லாண்டரிக்கு மாறிவிடுங்கள் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஆபீசர் சம்மதித்தது ஒன்றுதான் மிச்சம்.

சாவந்த் என்ற அந்த ஆபீசர், கேப்டனின் காரிலேயே வந்தார். கேப்டனை வழி காட்ட விடாமல், கேம்ப்பில் லாண்டரி எங்கே என்று அவரே கேட்டுப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. ஜெபக்கார அம்மா வீடு என்று கேப்டன் சொன்னதும் நாலு பேர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். சாவந்த் மெலிந்த மனிதர், மரியாதையானவர். வீட்டிலிருந்த கேப்டனின் வெள்ளைச் சட்டைகளை எல்லாம் ஒன்றாகக் கலந்து என் முன்னால் வைத்து, பிரித்துக் காட்டுங்கள் என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. பிரிக்க வேண்டுமானால் காலரைத் திருப்ப வேண்டும். திருப்பினால் சிலுவை தெரியும். கேப்டன் வேறு மதம், இடுப்பில் தன் முறைப்படி புனித நூல் கட்டியிருக்கிறவர். என்னைக் கேட்காமல் என் கழுத்தில் இதைப் போட யார் சொன்னது என்று கோபித்துக்கொண்டு போனால், மற்றவர்களும் ஒரே நாளில் போய்விடுவார்கள். காட்டாவிட்டாலோ பில் போய்விடும். ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் காலர்களைத் திருப்பினேன். ஒற்றை இழை இருந்தது ஒரு பக்கம், குறுக்கு இழை இருந்தது ஒரு பக்கம். சாவந்த் தன் கையிலிருந்த பில்லோடு ஒத்துப் பார்த்தார். பிசகில்லை. அடையாளத்துக்கு ஒற்றை இழையே போதுமே, இது எதற்குக் குறுக்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: “வீட்டில இருக்கிற துணிக்கு அடையாளம் போதும் சார். மேலே போற துணிக்கு ஜெபமும் வேணும். அதுதான் குறுக்கு இழை.”

பிறகு சாவந்த் எழுந்து கேப்டனின் பின்னால் போய், கொஞ்சம் குனியுங்கள் என்று கேட்டு, அவர் போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பினார். பச்சை நூலில் பளிச்சென்று குறுக்கு இழை. “கேப்டன் சாகேப், இன்னிக்கு லீவுன்னு கார்ல வரும்போது சொன்னீங்களே” என்றார். கேப்டன் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. முதலில் சிரித்தது சாவந்த்தான். அந்த ஒரு சட்டையைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, மற்றதை எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கேப்டன் மட்டும் வாசலில் நின்று காலரைத் தடவிக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். “தோபி மார்க்னு நெனச்சுட்டிருந்தேன் மௌசி. இத்தனை வருஷம் நல்லா இறங்கினதெல்லாம் என் கெட்டிக்காரத்தனம்னு வேற வீட்டுல பெருமை அடிச்சிருக்கேன்.”

கோட்டோடு வந்த மாமி

கேப்டன் வாயில் எதுவும் தங்காது. விஷயம் ஏர்போர்ட் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் லாண்டரிக்கு மாறவில்லை. எஸ்தர் கல்யாணம் குறித்தபடியே நடந்தது. ஆனால் ஸ்ரீதரன் தம்பி வீட்டிலிருந்து மட்டும் சில நாள் துணி வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். மாமி ஆசாரமான மனுஷி. பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையின் காலரில் சிலுவை போட்டதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ.

ஒருநாள் காலையில் மாமி தனியாகவே பலகையைத் தாண்டி வந்தார்கள். கையில் புத்தம் புதுக் கோட்டு. ஸ்ரீதரன் தம்பி கேப்டனாகிவிட்டாராம், கைப்பக்கம் நாலாவது தங்கப் பட்டை வந்துவிட்டதாம். சொன்னார்களே தவிர முகத்தில் சிரிப்பில்லை. பழைய கோட்டையும் கூடவே கொண்டுவந்து, காலரைத் திருப்பி என் மடியில் வைத்தார்கள். நீல இழை நிறம் மங்கிப்போய் இருந்தது. பிரிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, அவர்கள் வாய் திறந்து கேட்கும்படி வைக்க வேண்டாமே என்று நானே கத்தரியை எடுத்தேன்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அதை அந்தண்டை வைங்கோ. தேங்காய் ஒடைச்சுட்டுத்தான் வரேன், ஆனா அது கோயில் வாசலோட நின்னுடறது. அவன் மேலே போனப்புறம் கூடவே இருக்கறது உங்க தையல்தான். பழசு நூல் நைஞ்சுபோச்சு, புதுக் கோட்டுல கொஞ்சம் கெட்டியாப் போடுங்கோ.”

கஞ்சிக்கும் இஸ்திரிக்கும் வரியில் கழிவு கொடுத்த சர்க்கார், மாமியின் தேங்காயையும் என் குறுக்கு இழையையும் கடைசிவரை வேலைச் செலவாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவையில்லாமல் அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் வேலைக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை.