பசி என்று நினைத்தார்

“உன் கண்ணாடில இன்னிக்கு எத்தனை வகைப் பூச்சி மகளே?” என்று ஆலிங் லூமிங் படகிலிருந்தே கேட்டார். பிலிப்பைன்ஸின் பங்கசினான் கடற்கரையில் வலைக்கூண்டு கட்டிப் பால்கெண்டை மீன் வளர்ப்பவர் அவர்; வயதில் மூத்த பெண்களை நாங்கள் ‘ஆலிங்’ என்போம். வளைகுடா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து மீன்வள ஆபீசுக்குச் சொல்வது என் வேலை.

“ஒரே வகைதான் ஆலிங். மத்ததெல்லாம் காணோம். தண்ணிக்கு உடம்பு சரியில்ல, தீவனத்தை நிறுத்துங்க.”

“மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. பசிக்குதுன்னு கேக்குது. பட்டினி போடச் சொல்றியே, பிள்ளை பெத்திருந்தா தெரியும் உனக்கு!”

“பசி இல்ல. மூச்சு முட்டுது.”

“தண்ணிக்குள்ள மீனுக்கு மூச்சு முட்டுதாம்!” என்று சிரித்தபடி இன்னொரு மூட்டையைப் பிரித்தார்.

எங்கள் ஊரில் வாய் திறந்து வந்தவரை யாரும் வெறுமனே அனுப்புவதில்லை. அவரும் அள்ளி அள்ளி வீசினார். தின்னாத தீவனம் அடியில் அழுகி, நீரில் மிச்சமிருந்த காற்றையும் தீர்த்துவிட்டது. மறுநாள் கூண்டு முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன.

எல்லாவற்றையும் புதைத்த பிறகு, “ஊட்டியே கொன்னுட்டேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணில மறுபடி பல வகைப் பூச்சி வந்துச்சுன்னா, ஆபீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடில எனக்குக் காட்டு மகளே. அதுவரைக்கும் ஒரு குஞ்சுகூட விட மாட்டேன்.”