மூன்று பாகீரதி விலாஸும் ஒரு காளையும்

கல்பாத்தி துரைசுவாமி மூன்று ஹோட்டல்களுக்கு முதலாளி. மூன்றிலும் ஒரு வாய் காப்பிகூடக் குடித்ததில்லை. ஹோட்டல் பண்டம் உடம்புக்கும் ஆகாது, ஆசாரத்துக்கும் ஆகாது என்பது அவருடைய கொள்கை. ஆகாததை ஊரார் வயிற்றில் போடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது: "ஜவுளிக் கடைக்காரன் எல்லாப் புடவையையும் கட்டிண்டு பாக்கறானோ?"

கிளைகளைப் பார்வையிடப் போகும்போது கையில் ஒரு தூக்குப் பாத்திரம் இருக்கும். உள்ளே தயிர்சாதம், ஓரத்தில் நாரத்தங்காய். பிசைந்து கொடுத்தனுப்புகிறவள் மனைவி பாகீரதி. 'ஸ்ரீ பாகீரதி விலாஸ்' என்று பெயர்ப்பலகையில் இருப்பவளும் அவளேதான். தன் பெயரில் நடக்கும் ஹோட்டலின் முதலாளி பசியாற அவளைத்தான் நம்பியிருந்தார் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

1971இல் தாலுகா ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு அவர் இதில் இறங்கினார். ஆபீஸை விட்டாரே தவிர, ஆபீஸ் அவரை விடவில்லை. எல்லாக் கிளையிலும் ஒரே பச்சைச் சுவர், ஒரே சாம்பார், ஒரே நேரம். பதினொரு விதிகளைத் தட்டச்சு அடித்து ஒவ்வொரு அடுக்களையிலும் ஒட்டியிருந்தார். விதிப்படி நடந்தால் வியாபாரம் நடக்கும். நடக்காவிட்டால் விதியை யாரோ மீறியிருக்கிறார்கள்.

பாலக்காட்டு டவுன் கிளைதான் முதலில் விழுந்தது. கல்பாத்திக்காரர்கள் வெளியே சாப்பிட மாட்டார்கள் என்பது ஊரறிந்த பொய். சாப்பிடுவார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கடையில் உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கென்ன பைத்தியமா?

அடுத்தது சக்குபள்ளம். ஏலத்தோட்டக் குளிரில் மாவு புளிக்கவே இல்லை. சாயங்காலம் ஐந்துக்கு ஆட்டி, காலை நாலுக்கு ஊற்ற வேண்டும் என்பது நான்காம் விதி. அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த மொக்கையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஐயா, இந்தக் குளுருக்கு மாவு பொங்காதுய்யா. காலைலயே ஆட்டி அடுப்புப் பக்கத்துல வச்சுப் பாப்பமா?"

"பாலக்காட்டில பொங்கறதே?"

"அங்க சும்மா நின்னா நாமளே பொங்கிருவோம்யா. இங்க இந்த இட்லிய எறிஞ்சா கொரங்கு திருப்பி எறியுது."

விதி மாறவில்லை. தோட்டத்து ஆட்கள்தான் மாறிப் போனார்கள், பால் விடாத கட்டஞ்சாயாவும் கப்பைக் கிழங்கும் விற்ற பக்கத்துக் கடைக்கு.

இனி மிச்சம் வேலந்தாவளம் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துப் பம்பாயிலிருந்து மைத்துனன் சுப்பராமன் கடிதம் போட்டான்: அத்திம்பேருக்காகத் தன் கம்பெனியில் ஒரு குமாஸ்தா இடம் பிடித்து வைத்திருக்கிறானாம். பதின்மூன்றாம் வாய்ப்பாடு வராமல் துரைசுவாமியிடம் குட்டு வாங்கி அழுத பையன் அவன்.

"வேலந்தாவளமும் போச்சுன்னா பம்பாய்தான், கேட்டேளா," என்றாள் பாகீரதி. "என் தம்பி முன்னாடி நீங்க கையைக் கட்டிண்டு நிக்கணும். குட்டினதை அவன் மறந்திருப்பான்னு நெனைக்கறேளோ?"

துரைசுவாமி அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் ராத்தூக்கம் போயிற்று.

உண்மையில் வேலந்தாவளம் கிளைக்கு ஒரு குறையும் இல்லை. வார மாட்டுச் சந்தையன்று மாட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. துரைசுவாமிக்குக் குறையாகத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லோரும் தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பிறகுதான் காசு கொடுத்தார்கள். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில் முதலில் காசைக் கட்டி டோக்கன் வாங்கினால்தான் இலை என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை; ஆசாரம். மறுவாரமே வாசலில் காசு வாங்க ஒரு கூண்டும் பித்தளை டோக்கன்களும் வந்துவிட்டன. அதுதான் பன்னிரண்டாம் விதி.

அந்தச் சந்தையன்று பாதி மேஜை காலி. அடுத்த சந்தையன்று ஈதான் வந்தது. எதிரே மிக்கேல் என்பவரின் ஓலைக் கூரைப் பலகாரக் கடையில் தெருவரை பெஞ்சு போட்டிருந்தார்கள்.

பரிமாறுகிற குப்பண்ணன் உள்ளூர்க்காரர். அவர்தான் பேச்செடுத்தார்.

"ஏனுங்க சாமி, அந்தக் கூண்டை எடுத்துப்போடுங்க. மாட்டு யாவாரத்துக்கு அது ஆவாதுங்க."

"நான் விக்கறது மாடா, இட்லியா?"

"இட்லிதானுங்க. திங்கறவன் மாட்டு யாவாரி இல்லீங்களா?"

துரைசுவாமி காதில் இது ஏறவில்லை. கூட்டம் குறைந்தால் ருசி குறைந்திருக்க வேண்டும். ருசியைப் பார்க்க வழியில்லாததால், சமையல்காரர் சாம்பசிவனை வேலையை விட்டு நிறுத்தினார். புதிதாக வந்தவனின் சாம்பாரை இருந்த நாலு பேரும் குடித்துப் பார்த்தார்கள். பிறகு அந்த நாலு பேரும் வரவில்லை.

சாப்பிட ஆள் இல்லாததால் தண்ணீர் வண்டி இழுக்கும் காளைக்கும் வேலை இல்லை. அதற்குத் தீனி போடுவானேன் என்று அதைச் சந்தையில் விற்றுவிடத் தீர்மானித்தார். மாரப்பன் என்ற தரகர், சின்னையன் என்ற விவசாயியைக் கூட்டி வந்தார். சின்னையன் காளையின் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிடித்துப்போன முகம். துரைசுவாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்கோ, நம்ம கடையிலேயே ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்டுண்டே பேசிக்கலாம்," என்று தாமே கூண்டுக்குப் போய் இரண்டு டோக்கன் எடுத்து நீட்டினார்.

மாரப்பன் டோக்கனைப் பார்த்தார், சின்னையனைப் பார்த்தார். சின்னையன் திரும்பிப் போய்க் காளையின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, மாட்டுக்கு என்னங்க நோவு?"

"நோவா? ஒரு நோவும் கிடையாது!"

"பொறவு எதுக்குங்க மாடு விக்கறவரு மொதல்லயே பலகாரம் வாங்கித் தர்றீங்க?"

மாரப்பன்தான் அவரை ஓரமாகக் கூட்டிப் போய் விளக்கினார். சந்தையில் விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. பேசி முடிக்கிற இடம் சாப்பாட்டு மேஜை. இரண்டு பேரும் சேர்ந்து கை நனைக்காமல் மாடு கை மாறாது. விலை படிந்தால் பலகாரச் செலவு மாட்டை வாங்கினவன் கணக்கு. படியாவிட்டால் அவனவன் பாடு. அதனால் கை கழுவி முடிகிற வரை யார் காசு கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

"இப்பப் பாருங்க, வாங்கறவன் போயி டோக்கன் எடுத்தா, இவனுக்கு மாட்டு மேல ஆசைன்னு விக்கறவன் ஏத்திப்போடுவானுங்க. விக்கறவன் எடுத்தா, மாடு சொத்தைன்னு வாங்கறவன் எறக்கிப்போடுவானுங்க. அந்தக் கூண்டுகிட்ட எவன் மொதல்ல போவான்? நீங்கதான் போனீங்க."

பிறகு மூவரும் மிக்கேலின் ஓலைக் கடைக்குப் போனார்கள். துரைசுவாமிக்கு வேறு வழியில்லை. கை நனைக்காவிட்டால் காளை போகாது. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஹோட்டல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விள்ளல் தோசையைச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டார். துண்டுக்கு அடியில் சின்னையன் அவருடைய இடக்கை விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். துரைசுவாமி அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது தோசைக்குச் சொல்லியிருந்தார்.

"சாம்பார் பேஷா இருக்கே! இதை யாராக்கும் பண்றது?"

மிக்கேல் சிரித்தார். "உங்க சாம்பாருதானுங்க சாமி. மூணு வருசமா எதுத்தாப்புல நீங்க ஊத்துனதேதான்."

பின்கட்டிலிருந்து, பூணூலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, சாம்பசிவன் எட்டிப் பார்த்தார். "செத்த இருங்கோ, அண்ணா. மொறுமொறுன்னு இன்னொண்ணு வரது."

காளை போயிற்று. எந்த விலைக்கு என்று துரைசுவாமி பாகீரதியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று மாலையே கூண்டைப் பிரித்துப் போட்டார். பன்னிரண்டு விதிகளையும் கிழித்தார். அடுத்த சந்தையன்று வாசலில் நின்று தாமே கூப்பிட்டார்: "வாங்கோ, டோக்கன் கிடையாது, சாப்டுட்டு மெதுவாக் குடுங்கோ!" மாட்டுக்காரர்கள் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

"இன்னும் என்னய்யா குறை?" என்று குப்பண்ணனைக் கேட்டார்.

"குறை ஒண்ணுமில்லீங்க. மிக்கேல் கடையில உக்காந்தா யாவாரம் படியுதுன்னு ராசி விழுந்துபோச்சு. நீங்களும் அங்கதானுங்களே வித்தீங்க?"

விதியைக் கிழிக்கலாம்; ராசியை எங்கே போய்க் கிழிப்பது? 1976 முடிவதற்குள் பச்சைச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைப் பாகீரதி வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி, திருப்பிப் போட்டு அதன்மேல் வடாம் காயவைத்தாள்.

பம்பாயில் சுப்பராமன் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டான். குட்டு வாங்கியதை மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. முதல் நாளே அத்திம்பேரைக் கம்பெனி கான்டீனுக்கு அழைத்துப் போனான். வாசலில் ஒரு கூண்டு. முதலில் டோக்கன், பிறகு சாப்பாடு.

துரைசுவாமி கூண்டைப் பார்த்தார். பிறகு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தம் மேஜைக்கே திரும்பிவிட்டார்.

"என்ன அத்திம்பேர், இன்னுமா ஆசாரம்?" என்றான் சுப்பராமன்.

"ஆசாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை," என்றார் துரைசுவாமி, தயிர்சாதத்தைத் திறந்தபடி. "நீ போய் முதல்லே டோக்கன் எடு. அப்பறம் உன் காலைத் தூக்கிப் பாக்கறேன்."